எட்டு முகம் கொள்ளும் கதவு

— ஏய், என்னடி உங்க கதவு? நான் யாருன்னே தெரியலைங்குது!

— அண்ணா...! நீயா? கேமராவுல வெறும் தாடிதான் தெரியுது.

— தாடி வெச்சா ஆளே மாறிடுவேனா? முகம் பார்த்துத் திறக்கட்டும்னு நானே வாங்கி, நானே மாட்டின கதவுடி இது.

— அதான் உன்னையே வெளிய நிக்க வெச்சிருக்கு.

— கிண்டல் பண்ணாதே. நெட்டு கிட்டு போச்சா?

— நெட்டே வேணாம்னு நீதானே பீத்திக்கிட்டே? யார் முகமும் வீட்டைத் தாண்டிப் போகாது, மாடிப்படிக்குக் கீழ இருக்கிற பெட்டியே பார்த்து முடிவு பண்ணிடும்னு...

— ஆமா. ஆனா அது சின்னப் பெட்டி. எட்டு முகம்தான் கொள்ளும். புதுசா ஒருத்தரைச் சேர்த்தா, ரொம்ப நாளா வாசல்ல நிக்காதவங்களை அழிச்சிடும்... அடிப்பாவி, யாரைடி சேர்த்தே?

— நர்ஸுங்களை. மாறி மாறி வந்தாங்க. ரெண்டு முகம் அழிஞ்சுபோச்சு.

— நர்ஸா? யாருக்கு?

— அப்பாவுக்குத்தான். குளியலறையில வழுக்கி விழுந்துட்டார். இடுப்பெலும்பு...

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— உன் நம்பருக்கு அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுட்டேன். யாரோ ஒரு பொண்ணு எடுத்து, நீங்க கேக்கிற ஆள் இங்க இல்லைங்கிறா.

— அது... ஆபீஸ் நம்பர்.

— அதனால?

— திருப்பி வாங்கிக்கிட்டாங்க. வேலை போச்சுடி. அப்பா கேட்டா என்ன சொல்றதுன்னு... புது நம்பர் வாங்கியும் கூப்பிடலை.

— ஓ... அதான் இவ்ளோ மூட்டை முடிச்சா?

— ம். மொத்தமா வந்துட்டேன். திறடி, மழையில தொப்பலா நனைஞ்சுட்டேன். உள்ளேயிருந்து கையால திறக்கலாம்ல?

— திறக்கலாம்...

— அப்புறம் என்ன? அப்பா திறக்காதேங்கிறாரா? கோவமா?

— கோவமெல்லாம் இல்லை. வாசல்ல சத்தம் கேட்டாலே, "அவன் வந்துட்டானா"ம்பார்.

— அப்போ திற. திட்டினா வாங்கிக்கிறேன். கால்ல விழுந்தாவது...

— அண்ணா...

— என்னடி, அழறியா? இரு... ரெண்டு முகம்னியே. என்னோடது ஒண்ணு. இன்னொண்ணு யாரோடது?

— அப்பாவோடது. படுத்த படுக்கையாக் கிடந்தாருல்ல, வாசல்ல நிக்கவே இல்லை. போன மாசம் ஆஸ்பத்திரியிலேர்ந்து உசுரில்லாம தூக்கிட்டு வந்தப்போ... அவரையும் யாருன்னே தெரியலைன்னுடுச்சுண்ணா.