வண்டிப்பாதையில் நட்ட கரும்பு

பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஜன்னலோரம் இருந்த மீசைக்காரர் திடீரென்று சொன்னார்:

"என் வழியில நானே கரும்ப நட்டுட்டேன் மச்சான்."

"இன்னா மாமா சொல்ற?"

"பக்கத்து நெலத்து ராயப்பன் இருக்கான்ல, அவன் மாட்டுவண்டி என் நெலத்து வழியாத்தான் ரோட்டுக்கு வரும். வரக் கூடாதுன்னு வண்டிப்பாதைய உழுது கரும்பு நட்டேன்."

"அப்புறம்?"

"அவன் வாய்க்கா மேல பனமரத்த வரிசையாப் போட்டு அந்தாண்ட வழி பண்ணிக்கினான். இப்ப என் பின்பக்கத்துக் கரும்ப வெட்டச் சொல்லி மில்லுலேர்ந்து ஆர்டர் வந்துடுச்சி. பாதையில நிக்கறது மூணு மாசப் பயிரு. வண்டி எப்படி வெளிய வரும்? எனக்கும் அதான் பாதைன்னு நடும்போது தோணல."

"அடப்பாவமே!"

"அவன் வூட்டு வாசல்ல போய் நின்னேன். துண்ட இடுப்புல கட்டாத கொறதான்."

"திட்டினானா?"

"திட்டியிருந்தா தேவல. ‘என் நெலத்து வழியா ஓட்டிக்கோ’ன்னான். பாதையில இருக்கறது முத்தினதும் வெட்டிட்டு வழிய வுட்டுடறேன்னேன். அதுக்கு இன்னா சொன்னான் தெரியுமா?"

மச்சான் அவர் பக்கம் திரும்பினார்.

"‘அவசரம் இன்னா? வெட்டின கட்டையில துளுக்கற மறுதாம்பும் வளத்து வெட்டிக்கோ. அதுவரைக்கும் என் வழியிலயே வா’ன்னான்."

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"சிரிடா, சிரி. இன்னும் ரெண்டு வருசம் என் நெலத்துக்கு நான் அவனக் கும்பிட்டுட்டுத்தான் போவணும்."