முகம் காட்டாத ஓனரம்மா

— அதெல்லாம் இருக்கட்டும் மேடம். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நானே நெனச்சாலும் கை வைக்க முடியாத மாதிரி ஒரு டிரஸ்ட்டு. யூட்யூப்ல ஒருத்தரு சொல்லிக்கினு இருந்தாரு. வீட்ட தூக்கி அதுக்குள்ள போட்டுட்டா டாக்ஸும் இல்ல, தொல்லையும் இல்லயாம்.

— பெருமாளே! திருமலை சார், யூட்யூப்காரருக்கு ஃபீஸ் கிடையாது, ஆடிட்டர் மாதவிக்கு உண்டு. அதனால நான் சொல்றதை ரெண்டு நிமிஷம் கேளுங்கோ. வீட்டை டிரஸ்ட்ல போடணும்னா, முதல்ல வீடு உங்களோடதா இருக்கணுமோல்லியோ?

— அதான் வாங்கப் போறேனே!

— இன்னாய்யா நீ? இருக்கறது வாடக வீடு. விக்கிறேன்னு ஓனரம்மா உன் கனவுல வந்து சொன்னாங்களா? வேன் சாவிய எடுத்தவன், "வா, ஆடிட்டர பாத்துட்டு வரலாம்"னு கட்டுன பொண்டாட்டி என்னையும் இழுத்தாந்துட்ட. திருப்பதி ஃபுல்லா ஆடிட்டருங்க கீறாங்க. உனக்கு இவங்கதான் கெடச்சாங்களா?

— ஏன் பொன்னி, இந்த மேடத்துக்கு இன்னா கொறச்சல்? லாட்ஜு பூவராகவன்தான் சொன்னாரு, நல்ல கைன்னு.

— இருக்கட்டும், இருக்கட்டும். காபி வந்துடுத்து, எடுத்துக்கோங்கோ. உங்களுக்கு சக்கரை இல்லாம, அதோ அந்த டம்ளர் பொன்னி.

— அட! இவ சக்கர போட்டுக்க மாட்டான்னு உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?

— ஆங்... முகத்தைப் பாத்தாலே தெரியும். முப்பது வருஷ சர்வீஸ்.

— பலே! அப்ப எம் மூஞ்சிய பாத்தா?

— நாலு ஸ்பூன். ஓனர் யாருன்னு சொல்லுங்கோ, வேலையைப் பாப்போம்.

— அதான் மேடம் கூத்து. இங்கயே கொர்லகுண்டாவுல மேல் மாடி, ரெண்டு பெட்ரூமு. ஆறு வருஷமா மாசா மாசம் ஒண்ணாந்தேதி வாடகைய இவ கையில குடுக்கறேன், இவ போயி பாங்க்ல கட்றா. அந்த ஓனரம்மா மூஞ்சிய ஒரு நாளு பாத்தது கெடயாது. பேரு நாகரத்னம்மாவாம், பெங்களூருல கீறாங்களாம். போன்ல பேசறதும் இவதான். அக்ரிமெண்ட்ட படிச்சதும் இவதான். அது தெலுங்கு, நான் நகரியில தமிழ் இஸ்கூல்ல படிச்சவன். இவ சத்தியவேட்டுல தெலுங்கு மீடியம். காட்டுன எடத்துல நான் கையெழுத்து போட்டுட்டேன்.

— நல்ல காரியம் பண்ணினேள்.

— அந்தம்மா போட்ட ரூல்ஸ கேளுங்க மேடம், சிரிப்பீங்க. வீட்டுக்குள்ள சிகரெட்டு கூடாது. ஞாயித்துக்கெழம மாடியில சீட்டாட்டம் கூடாது. துன்ன தட்ட அவங்கவங்களே கழுவி வைக்கணும். பாபு வாசப்படி மிதிக்கக் கூடாது. பெங்களூருல இருக்கற அம்மாவுக்கு பாபுவ எப்படித் தெரியும்னு நான் இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேட்டது இல்ல!

— யாரு அந்த பாபு?

— சொல்லுய்யா. மேடம் கேக்குறாங்க இல்ல? வாயத் தொற.

— ஃப்ரெண்டு மேடம். வேன் வாங்கறதுக்கு லோன் எடுத்தான், நான் ஜாமீன் போட்டேன். வேனும் போச்சு, அவனும் போனான். புத்தூர்ல இருந்த மனைய வித்து பாங்குக்குக் கட்டுனேன்.

— மனை மட்டுமா?

— இவ நைனா போட்ட பதினோரு சவரனும். அன்னிலேர்ந்து இவ எங்கையில தனக்குன்னு ஒரு ரூபா வாங்குனது கெடயாது மேடம். பொடவைக்குன்னு குடுத்தா பீரோவுல என் சட்டைக்கு அடியிலயே திருப்பி வெச்சிடுவா. வாடகைன்னா மட்டும் கைய நீட்டுவா.

— எனக்கு மாவு காசு போதும்யா.

— மாவு காசுன்னு சாதாரணமா சொல்றா பாருங்க! எட்டு லாட்ஜு, ரெண்டு கல்யாண மண்டபம். விடிஞ்சா இவ அரைச்ச மாவுதான் பாதி திருப்பதிக்கு இட்லி.

— தெரியும், போன வருஷம்கூட... அது... தெரியாமலா, ஊரே சொல்லிண்டிருக்கே! சரி, பணத்துக்கு வருவோம். கையில என்ன இருக்கு?

— இருபது லட்சம். நைனா மாந்தோப்புல எம் பங்கு வித்த பணம். அதுக்கு டாக்ஸ் உண்டா?

— தோப்பு நகராட்சி எல்லையிலேர்ந்து தள்ளி இருக்கா?

— எட்டு மைலு. மயிலும் கொரங்கும்தான் வரும்.

— அப்போ கிராமத்து விவசாய நிலம். அதுக்கு டாக்ஸ் இல்லை, நிம்மதியா இருங்கோ. அந்த மாதிரி வீடு இன்னிக்கு நாப்பத்தெட்டு லட்சம் போகும். மீதிக்கு லோன். உங்களுக்கு அம்பத்து மூணு வயசு, அறுபது அறுபத்தஞ்சுக்குள்ள கட்டி முடின்னு பாங்க்ல சொல்லுவா.

— மேல ஏழுமலையானுக்கு மட்டும் கல்யாணக் கடன கட்ட கலியுகம் முடியற வரைக்கும் டைம் குடுத்துட்டாங்க!

— அவருக்கு உண்டியல் இருக்கு சார். உங்களுக்கு ஒரு வேன்தான்.

— சரி மேடம், அம்பத்தஞ்சுன்னே பேசிடுங்க.

— என்னது?

— நாப்பத்தெட்டு வேணாம். அம்பத்தஞ்சு லட்சம் குடுக்கறேன்.

— யோவ், பைத்தியமாய்யா உனக்கு? நாப்பத்தெட்டே ஜாஸ்தி! நாப்பத்தஞ்சுக்கு மேல எவன் குடுப்பான்?

— பெருமாளே, வாங்கறவரே விலையை ஏத்தி நான் பாத்ததே இல்லை!

— இன்னா பண்றது மேடம், அந்த ராட்சசி கொறச்சா குடுக்க மாட்டா. வீடும் சும்மா சொல்லக் கூடாது, ஓட்ட வீடு. செவுரு பூரா ஓதம்.

— எந்த செவுத்துல ஓதம்? காட்டு பாக்கலாம்! போன உகாதிக்குத்தான் முப்பதாயிரம் போட்டு பெயிண்டு அடிச்சுது! சூடண்டி மேடம், பாருங்க, வாயிக்கு வந்தத பேசறான்.

— உனக்கு ஏன்மே கோவம் வருது? உன் வீடா?

— ...வாழற வீட்ட கொற சொல்லாதன்னேன்.

— ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் இருங்கோ. டிரஸ்ட் கேட்டேளே, அதைச் சொல்லிடறேன். நெனச்சப்போ திருப்பி எடுத்துக்கலாம்னு எழுதினா, அதுல வர்ற வருமானம் உங்க தலையிலதான் விழும், டாக்ஸ் மிச்சமே இல்லை. எடுக்கவே முடியாதுன்னு எழுதினா வீடு நெஜமாவே உங்க கையை விட்டுப் போயிடும். விக்க முடியாது, அடகு வைக்க முடியாது, யாருக்கும் ஜாமீன் காட்ட முடியாது.

— அதான்! அதான் மேடம் எனக்கு வேணும்! ரெண்டாவது!

— சார், ஜனங்க இதைக் கேட்டா பயந்து ஓடுவா. நீங்க துள்றேளே! ஆனா டிரஸ்ட் பேர்ல வீட்டுக்கடன் குடுக்க பாங்க்காரா ரொம்ப யோசிப்பா.

— அப்ப இவ பேர்லயே வாங்கிடலாம்.

— பணம் உங்களோடது, பேர் அவாளோடதுன்னா, வாடகைக்கு விட்டா அந்த வாடகை உங்க வருமானத்துலதான் சேரும். அவாளோட சொந்தப் பணமா இருந்தாத்தான் அவா கணக்கு.

— சரி, லோனுல நாங்க ரெண்டு பேரும் சேந்து கையெழுத்து போடறோம். முடிஞ்சுது இல்ல?

— போடலாம். ஆனா அவா பழைய லோன் எல்லாம் சிபில் ரிப்போர்ட்ல வந்து நிக்குமே...

— இவளுக்கு ஏது மேடம் லோனு?

— இல்லை... பொதுவாச் சொன்னேன்.

— அப்ப இப்பவே பாத்துடலாம். கம்ப்யூட்டர் ஓடிக்கினுதான இருக்குது? பொன்னி, பேன் கார்ட எடு.

— கார்டு... வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்.

— அது இன்னா, பையில நீட்டிக்கினு இருக்குது?

— அது ரேஷன் கார்டு.

— ரேஷன் கார்டுல உன் போட்டோ மட்டும் எப்படி ஒண்டியா வந்துச்சு?

— பொன்னி, இனிமே என்னால முடியாதும்மா. சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலிக்கறது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

— வேணாம் மாதவிம்மா. நானே சொல்றேன். இந்தாய்யா, ஓனரம்மா பெங்களூருல இல்ல.

— பின்ன?

— உம் பக்கத்துல உக்காந்து காபி குடிச்சுக்கினு இருக்கா. சத்தியவேட்டுல எங்க நைனா நெலத்துல எனக்கொரு துண்டு வந்துச்சே, "மேட்டு நெலம், எவனுக்கு வேணும்"னியே, அத்த ஒரு குடோன்காரன் வாங்கினான். அந்தப் பணத்துல அட்வான்ஸு, மீதி லோனு. மாசத் தவணைக்கு என் மாவு காசும் உன் வாடகையும். அதுக்கு கணக்கு எழுதி ரிட்டன் போடறதும் இந்த அம்மாதான். நாகரத்னம்மான்னு ஒருத்தியே கெடயாது, வாய்க்கு வந்த பேர படிச்சேன். தெரிஞ்சா நீ எந்த பாபுக்காவது மறுபடி ஜாமீன் நீட்டிடுவியோன்னு பயம்யா எனக்கு. இன்னொரு தடவ நடுத்தெருவுல நிக்க எனக்கு தெம்பு இல்ல. திட்றதுன்னா இப்பவே திட்டிடு.

— மேடம், அந்த லோனுல இன்னும் இன்னா பாக்கி கீது?

— பத்தொன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் கொறைவு.

— இருபது இருக்குது. இத்தோட கட்டி முடிச்சிடுங்க. வீடு இவ பேர்லயே இருக்கட்டும், எனக்கு எட்டவே கூடாது. மிச்சம் இருக்கறதுல பதினோரு சவரன் வராது, வர்ற அளவுக்கு வாங்கிக்கட்டும்.

— சார், ஒரு நிமிஷம் இருங்கோ. இவ்வளவு பெரிய விஷயம் சொல்லியிருக்கா, நீங்க ஒரு "ஆ"ன்னுகூட சொல்லலையே?

— ஆமாய்யா. இன்னாய்யா நீ, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கற? என்னை பாத்து சொல்லு.

— எட்டு வருஷமா இந்த ஊருல வேன் ஓட்றேன் பொன்னி, தெலுங்கு போர்டு படிக்கத் தெரியாதவன் பஸ் ஸ்டாண்டுல யார போயி ஏத்துவான்? அக்ரிமெண்ட்ல ஓனருன்னு போட்ட எடத்துல உம் பேர படிச்சிட்டுதான்மே கையெழுத்தே போட்டேன்.