கத்தியின் துருவும் கரண்டியின் பளபளப்பும்

வாசகரே, திருவொற்றியூர்ப் பேருந்தில் நான் கேட்ட வாதத்துக்கு நீங்களும் சாட்சியாகுங்கள். கப்பல் சமையற்கட்டில் பணிபுரியும் ஒருவர் தம் மனைவியிடம் குமுறினார்.

“ராத்திரி தட்டு கழுவுற மிஷின்ல போட்ட எவர்சில்வர் கத்தி காலீல பாத்தா துருப்புடிச்சிக்கீது. வித்த தோஸ்த திருடன்னு திட்டிட்டு வந்துட்டேன்.”

“கூடப் போட்ட கரண்டி?”

“பளபளன்னு கீது.”

“கரண்டி வெட்டுமா? கத்தி வெட்டணும்னு கெட்டி எவர்சில்வர்ல செய்றாங்க. அது ஈரத்த அவ்ளோ தாங்காது. உப்பு ஈரத்தோட, சூட்டோட ராவெல்லாம் மிஷினுக்குள்ள வெச்சது யாருய்யா?”

பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வென்றவன் நான். இத்தனை நேர்த்தியான குறுக்குக் கேள்வியை எந்த மேடையிலும் எதிர்கொண்டதில்லை.

அவர் எழுந்து, பேருந்தே கேட்க உரைத்தார்: “நான்தாம்மே! தோஸ்து வூட்டாண்டயே எறங்கி, தெருவே கேக்க மன்னிப்பு கேக்கறேன்!”