புது பிளேட் இளகிடும்

பொருள் வாங்குற விஷயத்துல நான் கஞ்சத்தனம் பண்றவ இல்ல மேடம். எங்க சொந்தத்துல யாரை வேணா கேளுங்க. குக்கர் வாங்கினாலும் சரி, பெட்ஷீட் வாங்கினாலும் சரி, இருக்கறதுல எது ஒசத்தியோ அதைத்தான் எடுப்பேன். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில பதினோரு வருஷம் செக்கிங்ல இருந்தேன். மட்டமான சாமானைப் பாத்தா என் கை தானா தள்ளிடும். கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான் வாங்கினேன்.

நான் வந்தது பாஷா பாய் விஷயமா. மெக்கானிக் அஹமது பாஷாவை நேத்து கூப்ட்டு சாயங்காலம் வரைக்கும் இங்க ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருந்தீங்களாமே. அவரு சம்சாரம் முனவ்வர் பேகம் இன்னிக்கு காலையில எங்க வீட்டுக்கு வந்துது. திட்டல, அழல. "மோகனா, அவரு கெட்ட வேலை செய்யற ஆளு இல்ல, உனக்கே தெரியும்"னு மட்டும் சொல்லிட்டு போய்டுச்சு. எனக்குத் தெரியும்தான். எங்க வீட்டுக்காரர் நவீன்குமார் ஏலகிரி மலையில விழுந்ததுக்கும் பாஷா பாய்க்கும் சம்பந்தம் கிடையாது. அதை முதல்ல எழுதிக்குங்க. எப்படி விழுந்தாருன்னு நான் வரிசையா சொல்றேன். நாலு மணிக்கு அவரை ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும், அதுக்குள்ள என்னை விட்டுட்டா போதும்.

ரெண்டரை வருஷம் முன்னாடி அவரு ஒரு டேனரியில சூப்பர்வைசரா இருந்தாரு. ஈரத்தோலைப் பிழியற ரோலர்ல இடது கை மாட்டிக்கிச்சு. சுண்டு விரலும் பக்கத்து விரலும் போய்டுச்சு. மிச்சம் மூணு விரல் இருந்துது, ஆனா நரம்புல வலு இல்ல. இடது கைதானேன்னு எல்லாரும் சொன்னாங்க. சொல்றவங்களுக்கு என்ன. சட்டை பட்டன் போட ரெண்டு கை வேணும். பெல்ட் போட, பேஸ்ட் மூடி திறக்க, எல்லாத்துக்கும் வேணும். வலது கை நகத்தை வெட்டணும்னா இடது கைதானே வெட்டணும். அதெல்லாம் நான் செஞ்சேன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு முன்ன தரையில நியூஸ் பேப்பரை விரிச்சு, அவரு கையை என் மடியில வெச்சுக்கிட்டு வெட்டி விடுவேன். கையை நீட்டிக்கிட்டு பேசாம உக்காந்திருப்பாரு.

அதுக்கு முன்னாடி அவரு வீட்ல தங்கற ஆளே இல்ல. தோஸ்த்துங்க, டீக்கடை, வாணியம்பாடியில கிரிக்கெட்னு போய்டுவாரு. கல்யாணம் ஆகி ஒம்பது வருஷத்துல என்கிட்ட பேசினதை விட அந்த ரெண்டு வருஷத்துல ஜாஸ்தி பேசினாரு. குழந்தை இல்லன்னு எங்க மாமியார் கண்ணை மூடற வரைக்கும் குத்திக் காட்டுவாங்க, அது கூட அப்போ எனக்கு மறந்து போச்சு. நான் சந்தோஷமா இருந்தேன் மேடம். இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல.

அப்புறம் அந்த வண்டி வந்துது. வந்துதுன்னா, வீட்லயேதான் இருந்துது. எங்க மாமனார் ஓட்டின எழுவத்தாறு மாடல் புல்லட், தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்துச்சு. வாட்ஸப்ல பழைய புல்லட் வெச்சிருக்கறவங்க குரூப் ஒண்ணுல சேந்தாரு, அன்னிலேந்து அதே பேச்சுதான். பாஷா பாய் எஞ்சினைப் பிரிச்சு சேத்துக் குடுத்தாரு. கிளட்ச்தான் இடது கையில பிடிக்கணும், உங்களுக்கே தெரியும். பாய் உள்ள இருக்கற ஸ்பிரிங்கை எல்லாம் தளர்த்தி, ரெண்டு விரல்ல இழுத்தாலே வர மாதிரி வெச்சாரு. "சாரோட கையைப் பாத்து டைட் வெச்சிருக்கேம்மா"ன்னு என்கிட்ட பெருமையா சொன்னாரு. டெய்லர் உடம்பைப் பாத்து அளவெடுக்கற மாதிரி அவரு கையைப் பாத்து டைட் வெப்பாரு, ஊர்ல வேற யாருக்கும் அது வராது.

முதல்ல பஜார் வரைக்கும் போனாரு. அப்புறம் பேரணாம்பட்டு. அங்க அவரோட அக்கா சௌந்தர்யா இருக்காங்க, எனக்கு அண்ணி. ரெண்டு நாள் தங்கிட்டு வந்து, "அங்க நானே பட்டன் போட்டேன் தெரியுமா? பல்லுல ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு போட்டுட்டேன்"னாரு. சின்னப் பையன் பரீட்சையில பாஸானதைச் சொல்ற மாதிரி சொன்னாரு. "இனிமே எனக்காக நீ லீவு போட வேணாம் மோகனா. நீயும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் பண்ணுவே"ன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. நான் அடுப்படிக்குப் போய் கொஞ்ச நேரம் நின்னேன். பேஜாரா இருந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை நகவெட்டியை எடுத்துக்கிட்டு வந்தா, அவரே அதை மேஜை ஓரத்துல அமுக்கி வெட்டிக்கிட்டு இருந்தாரு.

ஸ்பிரிங்கைத் தளர்த்தினா ஒரு கெடுதல் உண்டு. பழைய பிளேட் வேற, மேட்டுல ஏறும்போது கிளட்ச் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி போகாது. பொங்கல் முடிஞ்சு குரூப்ல எல்லாரும் ஏலகிரி போறதா பேசினாங்க. பதினாலு கொண்டை ஊசி வளைவு. பழைய பிளேட்டை வெச்சுக்கிட்டு ஏற முடியாதுன்னு பாய் சொல்லிட்டாரு. "நீதான் பாத்து வாங்குவியே, நல்லதா பாத்து வாங்கு"ன்னு இவரு என்கிட்ட விட்டுட்டாரு.

கம்பெனி விட்டு வரும்போது பாய் ஷெட்டுக்குப் போனேன். மூணு விதம் சொன்னாரு. ஒண்ணு கார்க் ஒட்டின பழைய டைப், மெத்துன்னு இருக்கும், ஒரே வருஷத்துல தேஞ்சுடும். இன்னொண்ணு சாதா. மூணாவது ஏழு பிளேட் செட், கூடவே கனமான ஸ்பிரிங் வரும், எவ்வளவு மேடா இருந்தாலும் வழுக்காது. நான் மூணாவதைக் காட்டினேன்.

"இன்னாம்மா நீ. அது பயில்வானுக்குப் போடறது. சார் கைக்கு கார்க் போதும். மலைக்கு நான் ஸ்பிரிங்கை ஒரு சுத்து கூட டைட் வெச்சு தரேன்."

"டாக்டர் கை தேறிட்டுதுன்னு சொல்லிட்டாரு பாய். வலு குடுத்து பழகணும்னு சொல்லிருக்காரு."

டாக்டர் அப்படிச் சொல்லல. பாய் என் முகத்தைப் பாத்தாரு. பொண்டாட்டி சொல்றா, நாம என்ன சொல்றதுன்னு நினைச்சிருப்பாரு. நான் போன்ல ஆர்டர் போட்டேன், நாலு நாள்ல வந்துது. பிரிச்சு கையில வெச்சுப் பாத்தேன். அருமையான சாமான் மேடம். ஓரம் சுத்தமா, பிசிறு இல்லாம இருந்துது. எங்க டேபிளுக்கு வந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணுவேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க லேப்ல ஒரு மெஷின் இருக்கு. ஷூவை அதுல மாட்டினா மடிக்கும், நிமித்தும், மடிக்கும், நிமித்தும். எத்தனாவது மடிப்புல விரிசல் விடுதுன்னு நாங்க எழுதி வெப்போம். எந்தப் பொருளுக்கும் அப்படி ஒரு நம்பர் இருக்கு. அவருக்குக் கை பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து குடுத்திருந்தாங்க. சாயங்காலம் டிவி பாத்துக்கிட்டே அமுக்குவாரு. நான் பக்கத்துல கீரை ஆஞ்சுக்கிட்டே எண்ணுவேன். நாப்பது வரைக்கும் நல்லா அமுக்குவாரு. அம்பதுல விரல் நடுங்கும். அறுவதைத் தாண்டினா பந்து கீழ விழுந்துடும், அவரு கைக்கே தெரியாது. ஒரு வாரம் எண்ணினேன். ஒரு நாள் அம்பத்தெட்டு, ஒரு நாள் அறுவத்தி மூணு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை மத்தியானம் புது செட்டை மாட்டி முடிச்சு, பாயே வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வந்தாரு. பாக்கெட்ல ஸ்பேனர் வெச்சிருந்தாரு.

"சாரைக் கூப்புடும்மா. ஒரு தடவ இழுத்துப் பாக்கட்டும். ஜாஸ்தியா இருந்தா நின்ன இடத்துலயே கம்மி பண்ணித் தந்துடறேன்."

"தூங்கறாரு பாய். நைட்டெல்லாம் தலைவலி."

அவரு குளிச்சுக்கிட்டு இருந்தாரு. தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுது, பாய்க்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீடுன்னு நினைச்சாரோ என்னமோ. "எழுந்ததும் போன் போடச் சொல்லு, நான் வந்துடறேன்"னு ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனாரு. நான் சரின்னேன். இதையெல்லாம் பாய் உங்ககிட்ட சொல்லலையா? சொல்லிருக்க மாட்டாரு. ஒரு பொம்பளையைக் காட்டிக்குடுக்கற மாதிரி ஆயிடும்னு நினைப்பாரு.

அவரு குளிச்சுட்டு வந்து வண்டியில உக்காந்து இழுத்துப் பாத்தாரு. முகம் சுருங்கிச்சு.

"என்ன மோகனா, இவ்ளோ டைட்டா இருக்கு?"

"புது ஷூ நாலு நாள் கடிக்கும்ல, அந்த மாதிரிதான். புது பிளேட். ஓட்ட ஓட்ட இளகிடும்னு பாய் சொன்னாரு."

அவரு சிரிச்சாரு. "ஷூக்காரி சொன்னா அப்பீலே கிடையாது"ன்னாரு. எங்க ஊர்ல யாருக்கும் இதை விளக்கணும்னு அவசியம் இல்ல மேடம். எல்லார் காலையும் புது ஷூ கடிச்சிருக்கு, எல்லாருக்கும் அது இளகியிருக்கு. தோல்தான் இளகும், ஸ்பிரிங் இளகாது. சாயங்காலம் தெருவுல ரெண்டு சுத்து ஓட்டிட்டு வந்து, கையை உதறிக்கிட்டே, பரவால்லன்னு சொன்னாரு. முடியலன்னு சொல்ற ஆளு இல்ல அவரு. அதையும் நான் கணக்குல வெச்சிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு இட்லி சாப்ட்டுட்டு கிளம்பினாரு. ஹெல்மெட் வாரை அவரே மாட்டிக்கிட்டாரு. ஆம்பூர் டவுனைத் தாண்டி, வாணியம்பாடி பஜாரைத் தாண்டி, மலை அடிவாரம் போய்ச் சேரவே நாப்பது தடவ கிளட்ச் பிடிக்கணும். அறுவதுல மிச்சம் இருபதுதான். ஒம்பதாவது வளைவுல மேல ஒரு பஸ் திரும்ப முடியாம நின்னுடுச்சாம், எல்லா வண்டியும் நின்னுதாம். இவரு முதல் கியர்ல போட்டு கிளட்சைப் பிடிச்சபடி நின்னாரு. பின்னாடி வந்த சிநேகிதர் சொன்னாரு, இவரு தோளெல்லாம் நடுங்கிச்சாம், குனிஞ்சு கையையே பாத்துக்கிட்டு இருந்தாராம். அப்புறம் விரல் விட்டுடுச்சு. பழைய பிளேட்டா இருந்தா வழுக்கிக்கிட்டு எஞ்சின் மட்டும் கத்தியிருக்கும், வண்டி அங்கயே நின்னிருக்கும். இது ஒசத்தி. பிடிச்சா விடாது. வண்டி பாய்ஞ்சு பக்கத்துச் சுவரைத் தாண்டிடுச்சு.

அவரு சாகணும்னு நான் நினைக்கல, அதையும் எழுதுங்க. நான் என்ன, கொலைகாரியா? ஒரு கால் உடையும், இல்லாட்டி ஒரு தோள், மூணு மாசம் மாவுக்கட்டு, இவ்ளோதான் நான் நினைச்சது. கழுத்துல அடிபடும்னு யாருக்குத் தெரியும். வேலூர்ல பெரிய டாக்டர் எல்லாத்தையும் பாத்துட்டு, கழுத்துக்குக் கீழ இனிமே அசைவு வராதும்மா, வீட்ல வெச்சு நல்லா பாத்துக்குங்கன்னு சொன்னாரு. பாத்துக்கறேன். ரெண்டு மாசம் ஆச்சு, முதுகுல ஒரு புண் கிடையாது, நர்ஸம்மாவே ஆச்சரியப்படறாங்க. வேலையை விட்டுட்டேன். நல்ல பிளேட் வாங்கினது எந்த செக்‌ஷன்ல குத்தம்னு எனக்குத் தெரியல, இருந்தா சொல்லுங்க, கையெழுத்து போடறேன். பாயை மட்டும் விட்டுடுங்க.

ஒரு திருத்தம் இருக்கு. விட்டுப்போச்சுன்னு அப்புறம் வந்து நிக்கக் கூடாது. போன வாரம் நீங்க வீட்டுக்கு வந்து அவர்கிட்டயே கேட்டீங்க. மூச்சு விடறதுக்கு தொண்டையில ஓட்டை போட்டிருக்கறதால சத்தம் வராது, உதடு அசையறதை வெச்சு நான்தான் படிச்சு சொன்னேன். வண்டிக்கு என்ன ஆச்சுன்னு நீங்க கேட்டீங்க. அவரு மூணு தடவ ஒரே பேச்சைத்தான் சொன்னாரு. பாஷான்னு சொல்றாருன்னு நான் சொன்னேன், நீங்க எழுதிக்கிட்டீங்க. அப்போ என் வாயில வந்தது அதுதான். அவரு பாஷான்னு சொல்லல மேடம். "என்னை அக்காகிட்ட அனுப்பிடுங்க"ன்னு சொன்னாரு. அண்ணி கட்டில் கால்மாட்டுலயேதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க, என்னப்பா சொல்றேன்னு கேட்டுக் கேட்டு அழுதாங்க, அவங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்படிப்பட்டவங்ககிட்ட எப்படி மேடம் அனுப்பறது, அங்க அவரு ஏதாவது கேட்டா யாரு எடுத்துச் சொல்லுவாங்க?