ஆறு சனிக்கிழமைகள்

ஈரக் காலோடு கடைகளின் முன்நடையான அஞ்சடியில் நடந்தால், மார்ச் மாத வெயிலில் அந்தத் தடம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. முதலில் நடுப்பாதம் போகும், பிறகு குதிகால், கடைசியாக விரல்கள். கடை வாசலில் நின்று பல தடவை பார்த்திருக்கிறேன். படமும் எடுத்திருக்கிறேன். என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்துவந்த படங்களில் அதுவும் இருக்கும். அது யாருடைய கால் என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர், நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தோட்டத்தில் எடுத்த வடிவேலுவின் நெகட்டிவ் கெட்டுப்போனதா, இல்லையா? பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

பெயர் கனகரட்ணம். வயது நாற்பத்தொன்று. சண்டைக்கு முன்பு மலாக்கா ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தேன். ஜப்பான்காரர்கள் வந்து தண்டவாளத்தையே கழற்றி சியாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயில் இல்லாத ஊரில் ரயில்வே கிளார்க்குக்கு வேலை ஏது? சண்டை முடிந்ததும் பாச்சாங்கில் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் என் போட்டோ ஸ்டூடியோவைப் போட்டேன். அம்மாவும் தங்கை அன்னபாக்கியமும் முன்பே யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு பொங்கலுக்கு ஒன்று.

ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் தலைசீவி, பவுடர் போட்டு, விறைப்பாக உட்காருவார்கள். தங்கள் படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். ரோலில் கடைசி ஒன்றிரண்டை நான் எனக்காக வைத்துக்கொள்வேன். கோப்பிக் குவளையின் மேல் எழும் ஆவி. மழை விட்டதும் சைக்கிள் சீட்டில் நிற்கும் தண்ணீர். செர்காம் கரையில் சின்ன நண்டுகள் மணலை உருட்டி உருட்டிப் போட்டுவைக்கும் கோலம். அடுத்த அலைக்கு அது இருக்காது. இவற்றைக் கழுவி, கம்பியில் கவ்விவைத்துக் காயவிடுவேன். மூன்று வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் தலைநிமிர்ந்து அந்தக் கம்பியைப் பார்த்ததில்லை.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலச் சட்டம் வந்த பிறகு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாளக் கார்டு என்றார்கள். இந்த பிப்ரவரியில் பாயா ரும்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் ஒரு முக்காலி போட்டோம். தோட்டத்துக் கணக்கர், கிராணி தங்கையா பெயரை வாசிப்பார். வந்தவர் கையில் எண் எழுதிய சிலேட்டைக் கொடுப்பேன். அதை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். இருநூற்றுப் பதினாறு பேர். பலருக்கு வாழ்நாளில் அதுதான் முதல் படம். சிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சிரித்தால் கவர்மெண்டு கோபித்துக்கொள்ளும் என்று தங்கையா சொன்னார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

நூற்று நாற்பத்தொன்றாம் எண் வடிவேலு. பால்மரம் வெட்டுகிறவன். அவனுடைய பிரதி மட்டும், காயவைத்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அனுப்பிய கட்டோடு சேராமல் விட்டுப்போயிற்று. அது வெறும் கவனக்குறைவு. மறுநாளே உரித்தெடுத்து உறையில் போட்டு, பெயரும் எழுதிவைத்தேன்.

முதல் சனிக்கிழமை அவன் மனைவி வந்தாள். மங்களம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் போட்ட பயற்றங்காயைச் சனிக்கிழமை தோறும் பாச்சாங் பசாருக்குக் கொண்டுவந்து விற்பாள். திரும்பும் பஸ் பதினொரு மணிக்கு. தன் வீட்டுக்காரர் படம் மட்டும் வரவில்லை என்று கிராணி சொன்னதாகச் சொன்னாள். நான் உள்ளே போய் உறையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அவள் கம்பிக்கு அருகில் நின்று நண்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னய்யா, யாரு போட்ட கோலம்?"

நண்டு போட்டது, அலை வந்தால் போய்விடும் என்றேன்.

"அப்ப இது இப்ப அங்க இல்லல்ல?" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆனா இங்க இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். முக்காலியைத் தள்ளிக் கொடுத்தேன், உட்கார்ந்தாள். வடிவேலு சியாம் ரயில் பாதை வேலைக்குப் போயிருந்தபோது பிறந்து, எட்டாம் மாதம் காய்ச்சலில் போன தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அதற்கு ஒரு படம்கூட இல்லையாம். அவன் திரும்பிவந்து பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்டபோது, சொல்லத் தெரியவில்லையாம். பத்து நிமிடம் இருக்கும். எழுந்திருக்கும்போது, கார்டு கைக்கு வந்ததும் சிங்கப்பூர் கிளம்பிவிடுவோம் என்றாள். கொழுந்தன் அங்கே துறைமுகத்தில் இருக்கிறான், வடிவேலுவுக்கும் வேலை சொல்லிவைத்திருக்கிறான், காட்டோரத்தில் இனி இருக்க முடியாது என்றாள்.

உறை என் கையில் இருந்தது. அதை மேசைக்குக் கீழே வைத்தேன்.

"தங்கச்சி, நெகட்டிவ் பழுதாப்போச்சுது. வாற சனிக்கிழமை வந்து பாருங்கோ."

அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். கெடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காகிதம் தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கடுத்தது, மருந்து சிங்கப்பூரிலிருந்து வரவில்லை என்றேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுப் படங்களைக் கழுவிக் கம்பியில் மாட்டினேன். இரண்டாவது கோப்பிக் குவளை ஒன்று வாங்கினேன். அவள் பத்தே காலுக்கு வருவாள். வாசலில் கூடையை இறக்கிவைக்கும் சத்தம் கேட்கும். நிறைய பேசமாட்டாள். தன் புருஷன், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே வேலைக்குப் போவதாகவும், கேட்டைத் தாண்டினால் அது செல்லாது என்பதால் வெளியே வருவதில்லை என்றும் சொன்னாள். ஒருமுறை படியேறிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரு கேக்கச் சொன்னாரு. அவரு மூஞ்சியப் பாத்து ஒங்க பொட்டி பயந்துபோச்சான்னு" என்றாள். நான் சிரித்தேன். என் கடையில் நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அந்தப் பத்து நிமிடங்களில் நான் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. அவள் கையைக்கூடத் தொட்டதில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் சனிக்கிழமை, லாரியின் கதையைச் சொன்னாள். ஜப்பான்காரன் காலத்தில் பெரட்டுக் களத்துக்கு லாரி வந்தது. ஏறச் சொன்னார்கள். ஏறியவர்களில் வடிவேலு ஒருவன்தான் அந்த லயத்துக்குத் திரும்பினான். "இன்னிக்கும் லாரியோட பின்பலக எறங்குற சத்தம் கேட்டா நிக்கமாட்டாருய்யா, ஓடிருவாரு. மரத்துக்குப் பின்னால போயி குந்திக்குவாரு. நாந்தான் போயி கூட்டிட்டு வரணும்" என்றாள். சிரித்துக்கொண்டே தொடங்கினாள், முடிக்கும்போது சிரிக்கவில்லை. எந்தச் சனிக்கிழமை என்பது உங்களுக்கு முக்கியமாக இருக்கலாம் என்பதால் சொன்னேன்.

ஆறாம் சனிக்கிழமை அவள் உட்காரவில்லை. கம்பியையும் பார்க்கவில்லை. சிங்கப்பூர் வேலைக்கு மாதக் கடைசிக்குள் போயாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை டவுனில் வேறு கடையில் எடுத்துக்கொள்கிறோம், வழியில் யாராவது கேட்டால் பேசுவதற்குக் கிராணி கூடவே வருகிறார் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தொந்தரவு கொடுத்ததற்காக வருத்தப்படுவதுபோல் சொன்னாள்.

வேறு கடை வேண்டாம், வியாழக்கிழமை பத்து மணிக்கு அவரை என்னிடம் அனுப்புங்கோ, கிட்டத்தானே, கிராணி கூட வரத் தேவையில்லை, நானே எடுத்துப் பின்னேரத்துக்குள் கொடுத்துவிடுவேன் என்றேன். அவளுக்கு மகிழ்ச்சி. கூடையில் மிச்சமிருந்த பயற்றங்காயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் கடையில் இருக்கப் போவதில்லை. பாயா ரும்புட் சாலையில் மறித்துச் சோதிக்கப் போகிறோம், கார்டு இல்லாதவர்களைப் படமெடுக்க கேமராவோடு வா என்று உங்கள் ஆட்கள் முந்தைய புதன்கிழமையே சொல்லியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து வர அந்த ஒரு சாலைதான். வெளியில் சொல்லக் கூடாது என்றார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிடித்துப்போய்ச் சில வாரம் விசாரித்துவிட்டு விடுவார்கள், அதற்குள் சிங்கப்பூர் வேலை வேறொருவனுக்குப் போய்விடும் என்று கணக்கிட்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

வடிவேலு பத்து மணிக்குச் சற்று முன்பு சைக்கிளில் வந்தான். வெளுத்த சட்டை. தலையில் எண்ணெய் வழிந்தது. படத்துக்காக வந்தவன் அல்லவா? கார்டைக் கேட்டார்கள். துரையின் சீட்டை நீட்டினான். அது இங்கே செல்லாது என்றார்கள். அப்போது என்னைப் பார்த்துவிட்டான். முகம் தெளிந்தது.

"ஐயாதான் படம் எடுத்தாரு. சொல்லுங்கய்யா."

என் கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கும் வகை. நான் குனிந்திருந்தேன். கண்ணாடியில் அவன் இடம் வலமாக மாறித் தெரிந்தான். இவனைத் தெரியுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். தோட்டத்தில் இருநூற்றுப் பதினாறு பேரை எடுத்தேன், முகங்கள் நினைவில்லை என்றேன். இருநூற்றுப் பதினாறு என்பது சரியான எண்ணிக்கைதான். நீங்கள் பதிவேட்டில் பார்க்கலாம்.

பிறகு லாரியின் பின்பலகையை இறக்கினார்கள்.

அவன் ஓடினான். நிற்கச் சொல்லி மூன்று தடவை கத்தினார்கள். இரண்டு குண்டுகள். ரப்பர் மரங்களின் முதல் நிரையைக்கூட அவன் தாண்டவில்லை. சாலையில் விழுந்து கிடந்த சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்குள் ஒன்று எடுத்தேன். கம்பிகள் தெரியாமல் புகைபோல் வந்திருக்கிறது. நல்ல படம்.

கருமாதிக்கு நான்கு நாள் முன்பு மங்களம் வந்தாள். மாலை போட ஒரு படம் இல்லை, சாலையில் எடுத்தது ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்று நான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

தோட்டத்து நெகட்டிவைப் பெரிதாக்கினேன். சிலேட்டையும் எண்ணையும் பென்சிலால் மறைத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக் குறைத்தேன். மூன்று நாள் வேலை. யாருடைய படத்துக்கும் நான் அவ்வளவு பாடுபட்டதில்லை. தேக்குச் சட்டம் போட்டு, செய்தித்தாளில் சுற்றிவைத்தேன். வெள்ளிக்கிழமை அவள் வந்ததும் முக்காலியில் உட்காரச் சொல்லி, கோப்பி வைத்தேன். நல்ல வெளிச்சம். கேமரா பக்கத்தில் இருந்தது.

அவள் செய்தித்தாளைப் பிரித்தாள். அவன் கன்னத்தில் விரலை வைத்தாள். பிறகு விரல் கீழே இறங்கிக் கழுத்துப்பட்டியில் நின்றது. அங்கே பொத்தான் இல்லாத இடத்தில் ஓர் ஊக்கு இருந்தது. அழகாக இருந்ததால் அதை நான் அழிக்கவில்லை.

"இந்த ஊக்கு நான் குத்திவிட்டது. பேரு வாசிக்கிறதுக்கு முன்ன, களத்துல வெச்சி" என்றாள்.

நான் கோப்பிக் குவளையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கெட்டுப்போச்சுன்னீங்களேய்யா."

குரலை உயர்த்தவில்லை. படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அந்த முகம் இரண்டு நொடிதான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அழுகை வந்துவிடும். அழுகிற முகங்கள் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். இது அப்படியல்ல. எனக்குத் தெரிந்ததும் அவளுக்குத் தெரிந்ததும் ஒன்றாகிவிட்ட அந்த நேரத்தில், அவள் என்னை முழுமையாகப் பார்த்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் கேமராவை எடுத்தேன்.

அவள் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் செய்ததை எந்தச் சட்டப் பிரிவில் எழுதுவது என்று தெரியவில்லை என்றீர்கள். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை. கார்டைத் தடுத்தது நான். அவனை அந்தச் சாலைக்கு வரவழைத்தது நான். தெரியாது என்று சொன்னதும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த வெள்ளிக்கிழமை ரோல் இன்னும் கேமராவுக்குள்தான் இருக்கிறது. வெளிச்சம் படாமல் எடுத்து, கைதேர்ந்தவர் யாரிடமாவது கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். கடைசிப் படத்தில் மங்களத்துக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிடுங்கள். கார்டுக்கு எடுத்ததைத் தவிர அவளுக்கென்று ஒரு படம் இல்லை. என் அன்பளிப்பு என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.