தீர்க்க வேண்டிய விடுப்பு

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே வராது. மற்றபடி என்னிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன் ஐயா. மீன் ஏற்றுமதிக் கிடங்கில் குளிர் அறைகள் என் பொறுப்பு. எப்போது விடுப்பு எடுத்தாலும் மறுநாளே மேலாளர் கூப்பிட்டுவிடுவார். "நீங்க இல்லாம இங்க ஒரு துரும்பு அசைய மாட்டேங்குது, வந்துருங்க." ஓடுவேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். விடுப்பு மலையாகச் சேர்ந்துவிட்டது.

முதுகுவலி முற்றியதால் ராஜினாமா கொடுத்தேன். சேர்ந்த விடுப்புக்குப் பணம் கிடையாதாம். "நோட்டீஸ் காலத்துலயே எடுத்துத் தீர்த்துருங்க. இல்லேன்னா வீணாப் போயிரும்," என்றார் மேலாளர். இந்த முறை துரும்பைப் பற்றி அவர் பேசவில்லை.

என் இடத்துக்கு வந்தவனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தேன். முக்கியமாகப் பெரிய குளிர் அறையின் கதவு. தானாக மூடிக்கொள்ளும், உட்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுகாலம். உள்ளே செல்போன் எடுக்காது. ஆகவே, போகிறவர் கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். கதவு மூடியிருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று எல்லோருக்கும் கணக்கு. சட்டென்று பிடித்துக்கொண்டான். கிளம்பும்போது நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "போங்கண்ணே, புகுந்த வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்குறீங்களே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் போன் அடிக்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். போனில்தான் கோளாறோ என்று மனைவியை அவள் போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன். "நல்லாத்தான் அடிக்குது. கொஞ்சம் உக்காருங்களேன், தரை தேஞ்சுரப் போகுது."

உட்கார முடியவில்லை. கிடங்குத் தெருவில் போய் நின்றேன். லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டார். "புது ஆளு கெட்டிக்காரன்ணே. உங்களவிட வெரசா ஏத்தி அனுப்பிடுறான்." நல்லது என்றேன்.

மறுநாள் சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். அந்தக் கட்டையின் அடிப்பக்கத்தை அங்கே கிடந்த இழைப்புளியால் லேசாகச் சரித்துவிட்டேன். அது கொஞ்ச நேரம் நிற்கும். ஈரத் தரையில் பிறகு வழுக்கும். மாட்டிக்கொள்வான், பயப்படுவான், கூப்பிடுவார்கள், போய்த் திறந்துவிடுவேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

அன்று மாலையே மேலாளரிடமிருந்து போன் வந்தது.

"புதுப் பையனக் காணோம். அவன் வண்டி இங்கயே நிக்குது. அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட வந்து வாசல்ல அழுதுக்கிட்டு நிக்குது. உங்ககிட்ட எதாச்சும் சொன்னானா?"

"இல்ல சார்."

"எங்க தேடுறதுன்னே தெரியல. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

குளிர் அறையைத் திறந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று தோன்றியது.

"நான் லீவுல இருக்கேன் சார்," என்றேன்.

மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும். நான் எடுக்கவில்லை. போன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். கால்கள் ஓய்ந்தன, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். காலையில் சரக்கு எடுக்கப் போனவர்கள்தான் திறந்தார்களாம். கதவை ஒட்டிக் குந்திய நிலையில் இருந்தானாம்.

நான்தான் செய்தேன் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அத்தனை பேர் இருந்தும், கடைசியில் அவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.