இடக்காதில் படித்துக் காட்டியது

நாள் 20.06.2025, காலை 11.10 மணி. இடம்: விசாரணை அலுவலர் அறை, கள்ளக்குறிச்சி.

பெயர் மணிமொழி. வயது 32. தகப்பனார் பூமாலை, தாயார் கொளஞ்சியம்மாள். முகவரி: கிழக்குத் தெரு, நைனார்பாளையம். தொழில்: புதுச்சேரியில் உள்ள ஒரு ஸ்கூபா பள்ளியில் ஒன்பது வருடமாகப் பயிற்சியாளர். விசாரித்தபோது நான் கூறியதாவது:

முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தால் எழுதுபவர் என் இடப்பக்கம் வருவார். நான் எழுந்து, நாற்காலியை மேசையின் மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்ட பிறகே பேச ஆரம்பித்தேன். காரணம் பின்னால் வரும்.

எனக்கு ஆறு வருடமாக இடக்காதில் தொந்தரவு இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்க இறங்க அழுத்தம் கூடும். அதற்கு ஈடாக மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதி, காதுக்குள் காற்றை அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு நொடியில் திறக்கும் காது எனக்குப் பத்து முறை கெஞ்சினால்தான் திறக்கும். திறக்காவிட்டால் காதுக்குள் கட்டைவிரலை விட்டு அழுத்துவதுபோல வலிக்கும். இரண்டு முறை சவ்வு கிழிந்து ஆறியிருக்கிறது. அந்தப் பக்கம் பாதிதான் கேட்கும். கல்வராயன் மலையிலிருந்து பேருந்தில் இறங்கினால்கூட இரண்டு காதும் அடைத்துக்கொள்ளும், கச்சிராயபாளையம் தாண்டியும் திறக்காது. மூன்று மாதம் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று மருத்துவர் சொன்னதால் மே மாதத்திலிருந்து விடுப்பில் பெற்றோர் வீட்டில் இருந்தேன். என் உடுப்பும் காற்று நிரப்பிய ஒரு சிலிண்டரும் வீட்டில் இருந்தன.

13.06.2025 வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மலைமேல் கீழ்நெல்லிப்பாடியைச் சேர்ந்த முருகவேல் என்பவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய பெரியப்பா கரியன், வயது 58, இரண்டு நாள் முன்பு கருமடு என்ற ஆழமான மலை மடுவில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை என்றும், கரையில் வேட்டியும் செருப்பும் இருப்பதாகவும் சொன்னார். தீயணைப்பு வீரர்கள் பாதாளக் கரண்டி போட்டு நாள் முழுக்கத் துழாவியும், பாறை உள்வாங்கிய பக்கம் கரண்டி போகவில்லை என்றும் சொன்னார். நான் என் காதைப் பற்றிச் சொல்லி முடியாது என்றேன். முருகவேல் திரும்பிப் போகவில்லை. எங்கள் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். அதன் பிறகு நான் உடுப்பை எடுத்துக்கொண்டு அவருடன் கிளம்பினேன். மருத்துவர் பேச்சை மீறியதும், துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக இறங்கியதும் என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன். நான் செய்த தவறு அவ்வளவுதான்.

காலை 11 மணிக்குக் கருமடுவில் இறங்கினேன். கரையில் கரியனின் மனைவி மூக்காயி, முருகவேல், உதவி ஆய்வாளர், இரண்டு காவலர்கள், ஊர்க்காரர்கள் சுமார் நாற்பது பேர் இருந்தார்கள். பத்தடியில் இடக்காது அடைத்தது. மூன்றடி மேலே வந்து ஊதி, மறுபடி இறங்கி, மறுபடி மேலே வந்து, நான்காவது தடவையில்தான் திறந்தது. இருபத்திரண்டு அடியில், பாறைக்கு உள்ளே, கரியன் இருந்தார். அவருடைய வலது கணுக்காலில் நீல நைலான் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்தக் கயிற்றின் ஒரு முனை பாறையிலும் மறுமுனை ஒரு நீர்மூழ்கி மோட்டாரிலும் கட்டியிருந்தது. மோட்டாரிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று சின்னதுரை என்பவருடைய சுற்றுலா விடுதி இருக்கும் பக்கமாக மேலேறிப் போனது. கரியன் பாறைமேலிருந்து குதித்துக் குளிப்பவர் என்று மூக்காயி முன்பே சொல்லியிருந்தார். யாரோ அவர் காலைக் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. கயிறு இருந்தது என்று சொல்கிறேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கயிற்றைக் கத்தியால் இரண்டு இடத்தில் அறுத்து அவரை விடுவித்தேன். தண்ணீருக்கடியில் அறுத்த கயிற்றை அங்கேயே விட்டால் அடுத்து இறங்குபவர் காலில் சுற்றும். அதனால் அறுத்த துண்டைப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் பழக்கம். கை தானாக அதைச் செய்தது.

அவரைப் பிடித்துக்கொண்டு மேலே வரும்போது இடக்காது மறுபடி அடைத்துக்கொண்டது. இந்த முறை உள்ளே மாட்டிய காற்று வெளியே வர வழியில்லை. அந்த நேரத்தில் கொஞ்சம் கீழே போய்ப் பொறுத்திருந்து ஏற வேண்டும். என் கையில் கரியன் இருந்தார், சிலிண்டரில் காற்றும் குறைந்துகொண்டிருந்தது. நான் ஏறினேன். காதுக்குள் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. நான் விட்ட காற்றுக்குமிழிகள் போன திசையைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தேன்.

கரையில் எழுந்து நின்றேன், விழுந்தேன். மறுபடி நின்றேன், மூக்காயி மேலேயே சாய்ந்தேன். வாந்தி எடுத்தேன். காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வழிந்தது. அப்போதே உதவி ஆய்வாளரிடம் கயிறு, மோட்டார், குழாய் மூன்றையும் சொன்னேன். வாய் குழறியிருக்கலாம், ஆனால் மூன்றையும் சொன்னேன். அவர் என் வலப்பக்கம் குனிந்து, "இன்னாமா, ஏத்திக்கினுதான் எறங்கினியா?" என்றார். சிலர் சிரித்தார்கள். கரியனின் உடல் அப்போது அவர்கள் காலடியில் கிடந்தது.

எங்கள் மாவட்டத்தில் ஒரு ஆள் தள்ளாடினால் அதற்கு ஒரே காரணம் குடிதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் காரணத்தால் இங்கே எத்தனை வீட்டில் இழவு விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டாமா? எனக்கு அந்த நாற்றமே ஆகாது. எனக்குக் கோபம். கோபம் என்றே எழுத வேண்டும், மன வருத்தம் என்று எழுத வேண்டாம்.

அதன் பிறகு என்னை ஜீப்பில் ஏற்றி அடிவாரத்தில் உள்ள காவல் நிலையத்துக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். வளைவுக்கு வளைவு வலக்காதும் அடைத்தது. மூக்கையும் வாயையும் பொத்தி ஊதிப் பார்த்தேன். காற்று கிழிந்த இடக்காது வழியாகச் சீறிக்கொண்டு போனதே தவிர வலக்காது திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த காவலர் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குக் கேட்கவில்லை.

நிலையத்தில் மாலை நான்கு மணிக்கு ஏட்டு என் இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ எழுதினார். அதன் பிறகு அந்தத் தாளைப் பார்த்துப் படித்தார். அவருடைய வாய் அசைந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. தாளை என்னிடம் கொடுத்தபோது எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடின, ஒரு வரியில்கூடக் கண் நிற்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டால் படுக்க விடுவார்கள் என்று தோன்றியது. போட்டேன். பக்கத்தில் பெண் காவலர் யாரும் இல்லை. என்னை மருத்துவமனைக்கு அனுப்பவில்லை. ரத்தம் எடுக்கவில்லை, மூச்சைச் சோதிக்கவில்லை. என் தகப்பனார் வந்து அழைத்துப் போனார். வலக்காது மறுநாள்தான் திறந்தது.

17.06.2025 அன்று மூக்காயி இரண்டு பேருந்து மாறி நைனார்பாளையம் வந்தார். கையில், நான் நிலையத்தில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகல் இருந்தது, முருகவேல் வாங்கிக் கொடுத்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பாப்பா, யார் சொல்லியும் நான் நம்பல. நீயே சொல்லு. குடிச்சிருந்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு அவர், "எங்க வூட்டுக்காரரு பொடி கூடப் போட மாட்டாரு. அவரயும் குடிச்சிட்டு வுழுந்தாருன்னு எழுதிக்கிறாங்க. ரெண்டு பேரு வாயையும் ஒரே தாள்ல கட்டிட்டாங்க" என்றார்.

நகலை நான் படித்தேன். நான் மது அருந்திவிட்டு இறங்கியதாக நானே சொன்னதுபோல அதில் இருக்கிறது. ஜீப்பில் மது நாற்றத்தை மறைக்க வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டதாக இருக்கிறது. கயிறு, மோட்டார் பற்றி நான் சொன்னவை போதையில் சொன்னவை என்று இருக்கிறது. கரியன் குடிபோதையில் தவறி விழுந்தார் என்று, பிரேதப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எழுதியிருக்கிறது. கடைசியில், படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது என்று இருக்கிறது. அதற்குக் கீழே கோணலாக என் கையெழுத்து.

மறுநாள் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். உதவி ஆய்வாளர், "நீயே கேட்டுக்கினு கையெழுத்துப் போட்டுட்டு இப்ப வந்து இல்லன்னா எப்டிமா?" என்றார். கேட்கவில்லை ஐயா, காதில் ஓட்டை என்றேன். "மோட்டாரும் இல்ல, கயிறும் இல்ல. போய்ப் பாத்துட்டுதான் வந்தோம்" என்றார். முருகவேலும் கரைக்குப் போய்ப் பார்த்தார். விடுதிப் பக்கம் ஏறிய குழாய் இப்போது இல்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று அரசு மருத்துவர் என் காதைப் பார்த்தார். சவ்வில் பெரிய ஓட்டை, உள்காதிலும் காயம், இனி வாழ்நாளில் தண்ணீருக்கடியில் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றைத் தாக்கல் செய்கிறேன். என் பிழைப்பு அந்த மடுவோடு முடிந்தது. அதை நான் யாரிடமும் கேட்க வரவில்லை. கண் திறந்து பார்த்ததை, குடித்துவிட்டு உளறியதாக ஆக்கிவிட்டார்களே, அதைக் கேட்க வந்திருக்கிறேன். கரியன் எதில் மாட்டி இறந்தார் என்று தண்ணீருக்குள் போய்ப் பார்த்தது நான் ஒருத்திதான்.

நேற்று மாலை, விற்றுவிடலாம் என்று உடுப்பைக் கழுவும்போது, இடுப்புப் பையிலிருந்து அந்த நீலக் கயிற்றுத் துண்டு விழுந்தது. நீளம் சுமார் இரண்டு சாண். இரண்டு முனையும் என் கத்தியில் அறுபட்டவை. நடுவில் சுற்றி இறுகிய வளைவு இன்னும் நிமிரவில்லை. அதையும் என் கத்தியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும். 13ஆம் தேதி வாக்குமூலம் என்னுடையது அல்ல. கருமடுவின் பாறையில் கயிறு கட்டிய தேய்மானத்தையும் விடுதிக்குப் போகும் குழாய்த் தடத்தையும் தகுந்தவர்களை இறக்கிப் பார்க்க வேண்டும். இடத்தைக் கரையிலிருந்து நான் காட்டுகிறேன்.

மேலே உள்ளதை எழுதியவர் என் வலப்பக்கம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் 'மன வருத்தம்' என்று இருந்தது, நிறுத்தி, 'கோபம்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். பிறகு நானே ஒருமுறை படித்தேன். எல்லாம் உண்மை. இந்த முறை கேட்டது.

(ஒப்பம்) பூ. மணிமொழி

உடன் வந்தவர்: மூக்காயி, க/பெ கரியன் (இடது பெருவிரல் ரேகை)